டியூக் சாடிய படம்

அசைகிற எதையும் முத்துநாயகத்துக்குப் பிடிக்காது. தொடுவெட்டிச் சந்தைக்கு எதிரே படக்கடை வைத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் படப்பெட்டிக்கு முன்னால் வந்து இருந்துவிட்டால் கல்யாண மாப்பிள்ளையும் சரி, சபையின் போதகரும் சரி, கல்லாகிவிட வேண்டும். “அசையப்பிடாது, கண்ணு சிமிட்டப்பிடாது, என்னத்துக்கு வே தொண்டையைச் செருமுதீரு?” என்று ஒரே அதட்டல். கைப்பிள்ளை அழுதால் தாயைத் திட்டுவான். அப்படிப்பட்டவனைத் தேடிக்கொண்டுதான் கொல்லம் வருஷம் ஆயிரத்து நூற்றெட்டு மாசி மாதத்தில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் குமாரதாஸ் மலையிறங்கி வந்தான். திற்பரப்புக்கு மேலே, ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்டம் அது.

“தொரைக்க பட்டி ஓடுறதைப் படம் பிடிக்கணும் வே,” என்றான் குமாரதாஸ். அந்தப் பக்கத்தில் நாய்க்குப் பட்டி என்றுதான் பேர். “ஓடுறதுன்னா சும்மா ஓட்டம் இல்ல. பறக்கணும். நாலு காலும் தரையில இருக்கப்பிடாது.”

முத்துநாயகம் சிரித்தான். “இருமினாலே படம் கலங்கிப் போவும்னு நான் ஆளுகளைக் கொல்லாத கொறையா அதட்டிட்டு இருக்கேன். நீரு பறக்கிற பட்டியைக் கொண்டு வாரீராக்கும்? வேற ஆளைப் பாரும்.”

“பாத்தாச்சு. உமக்கு முன்ன மூணு பேரு வந்து தோத்தானுவ. ஒருத்தனுக்குப் பட்டி வெறும் புகையா விழுந்திருக்கு. ஒருத்தனுக்கு வாலு மட்டும். இன்னொருத்தனுக்கு அதுவும் இல்ல, புல்லுதான் இருக்கு. சீமையில பட்டிப் படத்துக்கு ஒரு பந்தயம் நடக்காம். ஆனி மாசத்துக்குள்ள அனுப்பணும். அதுக்குள்ள படம் கிட்டல்லன்னா தொரை எங்க உசிரை எடுத்துருவாரு.”

எடுத்தால் எடுக்கட்டும், எனக்கென்ன என்று சொல்ல முத்துநாயகம் வாயைத் திறந்தான். அதற்குள் உள்ளே இருந்து நேசம்மாள் வந்துவிட்டாள். கையில் ஈர மாவு. அந்நிய ஆண் முன்னால் வந்து நிற்கிற பழக்கம் இல்லாதவள். அன்றைக்கு வந்து நின்று, புருஷனைப் பார்க்காமல் ரைட்டரைப் பார்த்துச் சொன்னாள்.

“படம் பிடிச்சுத் தருவாவ. எனக்க தம்பியை விட்டுரச் சொல்லுங்க.”

இப்போது ஜான்ரோசைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நேசம்மாளுக்குத் தாய் தகப்பன் போனபிறகு மிஞ்சியது இந்த ஒரு தம்பிதான். இருபது வயதில், ஏதோ சாப்பாட்டுச் சண்டையில் அக்காளிடம் கோபித்துக்கொண்டு மலையேறிப் போய், மூன்று வருஷம் வேலை செய்வதாகத் தோட்டத்துக் காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டான். கோபம் மூன்று நாளில் தீர்ந்தது. காகிதம் தீரவில்லை. இரண்டு முறை ஓடினான். இரண்டு முறையும் துரை ஆள் அனுப்பவில்லை, டியூக்கை அவிழ்த்துவிட்டார்.

டியூக் என்றால் குலசேகரம் வரைக்கும் தெரியும். சீமை வேட்டை நாய்க்கும் ஏதோ கடிநாய்க்கும் பிறந்த கலப்பு. வெளுத்த நிறம், ஒட்டிய வயிறு, கன்றுக்குட்டி உயரம். மற்ற நாய்கள் குரைக்கும், இது குரைக்காது. ஓடுகிற ஆளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரும். ஜான்ரோசுக்கு முதல் தடவை தொடையில் போட்டது, இரண்டாவது தடவை கையில். ஓட்டத்தில் அவனை அடிக்க அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. ஆனாலும் நாலு கால் நாலு கால்தானே. இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அந்த ஒரு வருஷத்துக்குள் அவன் மறுபடி ஓடுவான், அன்றைக்குக் கழுத்தில் போடும் என்று நேசம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் குமாரதாஸ் பதிலோடு வந்தான். துரை சம்மதித்தார். படம் ஒன்றாந்தரமாக விழுந்தால் காகிதத்தைக் கிழித்து ஜான்ரோசை அன்றைக்கே அனுப்பிவிடுவார். விழவில்லை என்றால் அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம்.

“நீங்க பிடிப்பிய,” என்றாள் நேசம்மாள். கேள்வி இல்லை, சொன்னாள்.

முத்துநாயகம் பத்து நாள் உறக்கம் கெட்டு யோசித்தான். சந்தையில் திரிகிற சொறிநாய்களுக்குக் கருவாட்டுத் தலையை வீசி, ஓடவிட்டு, பார்த்தான். பக்கவாட்டில் ஓடுகிற நாய் கண்ணுக்கே பிடிபடாமல் போகிறது, பெட்டிக்கு எங்கே பிடிபடும்? கொஞ்சம் சாய்ந்தாற்போல எதிரே வருகிற நாய் அவ்வளவு விரசாகத் தெரிவதில்லை. அது ஒரு பாடம். இன்னொரு பாடத்தை அவனே எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு கறுத்த பெட்டைநாய் அவன் கையிலிருந்த தலைக்காகச் சாடியது. மேலே போனது, கீழே வரும் முன் ஒரு இமைப்பொழுது அந்தரத்தில் அப்படியே நின்றது. நின்றது, ஆமாம்! அவன் கண்ணால் கண்டான். “ஏட்டி நேசம்மா, நிக்குதுட்டீ! அந்தரத்துல நிக்குது!” என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். அவளும் அடுப்பங்கரையில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். அந்த வீட்டில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம்.

பங்குனி முதல் வாரம் பெட்டி, முக்காலி, கண்ணாடிப் பிளேட்டு ஆறு, மருந்துக் குப்பிகள், கறுப்புத் துணிக் கூடாரம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வண்டியில் திற்பரப்பு போய், அங்கிருந்து தலைச்சுமையாக மலையேறினான். துரை காலுறையும் தொப்பியுமாகத் தயாராக நின்றார். உயரமான மனுஷன், சிவந்த மூக்கு, குரல் உயர்த்தியே பேசமாட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் குமாரதாஸ் தமிழில் சொன்னான். கட்டிப்போட்டிருந்த டியூக் முத்துநாயகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவன் நின்றுகொண்டிருந்தான் அல்லவா, நிற்கிறவன் அதற்கு ஆளே இல்லை.

தோட்டத்து நடுவில் ஒரு வெட்டவெளி. பின்னால் ரப்பர் மரங்கள் இருட்டாக நின்றன. வெளுத்த நாய்க்கு இதைவிட நல்ல பின்புறம் கிடைக்காது என்று முத்துநாயகத்துக்கு மனசு குளிர்ந்தது. முக்காலியின் காலைச் சுருக்கிப் பெட்டியைத் தரையோடு வைத்தான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, தரையில் ஒரு இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டான்.

“பிளேட்டை உள்ள போட்டாச்சுன்னா பெட்டிக்குள்ள எனக்கு ஒண்ணும் தெரியாது தொரை. குருடனாக்கும் நான். இந்தக் கோட்டுல எது இருக்கோ அதுதான் தெளிவா விழும். ஒரு முழம் முன்ன பின்ன போனா கலங்கிரும். பட்டி இந்தக் கோட்டுக்கு மேல வரணும். சும்மா ஓடி வந்தா பத்தாது, சாடணும். சாடின எந்தச் சீவனும் மேல போய்க் கீழ வாரதுக்கு முன்ன ஒரு இமை நிக்கும். அந்த இமையில நான் இந்த ரப்பர் உருண்டையை அமுக்கினேன்னா ஒவ்வொரு ரோமமும் எண்ணி எடுக்கலாம்.”

குமாரதாஸ் சொல்லச் சொல்லத் துரையின் முகம் மாறியது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முந்தின மூன்று பேரும் இதைச் சொல்லவில்லை. “நல்ல,” என்றார் தமிழில். “ரொம்ப நல்ல.” முத்துநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வெள்ளைக்காரன் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க இந்த நாட்டில் எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

பிறகு துரை குமாரதாசிடம் ஏதோ கேட்டார். குமாரதாஸ் பதில் சொன்னான். மறுபடி அவர் சொன்னார். குமாரதாஸ் தொண்டையைச் செருமினான்.

“முயலை விட்டா பட்டி குனிஞ்சு ஓடும், சாடாது. ஆட்டை விட்டாலும் காலைத்தான் பிடிக்கும். அது ஆளைக் கண்டாத்தான் சாடும், பின்னங்கழுத்தைப் பாத்து. அதனால ஒரு ஆளு ஓடணும்ங்காரு.”

“எந்த ஆளு?”

“நீரு கூட்டிட்டுப் போவ வந்தீருல்லா, அந்த ஆளு. அவன்தான் நல்லா ஓடுவான்ங்காரு. அவன் ஓட்டம் பட்டிக்கும் பழக்கமாம்.”

முத்துநாயகம் தான் போட்ட சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தான். அந்தரத்தில் நிற்கும், அந்தரத்தில் நிற்கும் என்று பத்து நாளாகக் கும்மாளமடித்தானே, எதைப் பார்த்துச் சாடும் என்று ஒரு தடவையாவது யோசித்தானா, பாவி? கருவாட்டுத் தலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஜான்ரோசைக் கொண்டுவந்தார்கள். மெலிந்திருந்தான், கறுத்திருந்தான், சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. “அத்தான், அக்கா சுகமா?” என்றான். விஷயத்தைச் சொன்னதும் தொடையில் இருந்த பழைய கடித்தழும்பைத் தடவினான். பிறகு, “ரெண்டு தடவை சும்மா ஓடிக் கடி வாங்கியாச்சு. இப்பம் வீட்டுக்குப் போறதுக்கு ஓடுறேன். இது லாபம்தானே?” என்றான். “ஆனா ஒரு சாக்கு கேட்டு வாங்கித் தாருங்க.”

துரை மறுக்கவில்லை. இரண்டு சாக்கை மடித்து முதுகிலும் பிடரியிலும் கயிற்றால் கட்டிவிட்டார்கள். சாக்கின் நுனி இரண்டு பக்கமும் தொங்கியது. “கெட்டுச்சோத்துப் பொதி மாதிரி இருக்கேனா அத்தான்?” என்று கேட்டான் ஜான்ரோஸ். சுற்றி நின்ற தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள். முத்துநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

“கோட்டைத் தாண்டினதும் கீழ விழுந்துரு மக்கா. விழுந்து சுருண்டுக்கோ. தொரை கூப்பிட்டா அது நிக்குமாம்.”

“நீங்க கோட்டைப் பாருங்க. நான் ஓட்டத்தைப் பாத்துக்கிடுதேன்.”

பெட்டிக்குச் சாய்வாக எதிரே, மரத்தடியில் நூறடி தள்ளி அவனை நிறுத்தினார்கள். அவனுக்குப் பின்னால் இன்னும் முப்பதடியில் டியூக்கைப் பிடித்துக்கொண்டு துரையே நின்றார். முத்துநாயகம் பிளேட்டை உள்ளே சொருகி, உருண்டையைக் கையில் எடுத்தான். துரை விரலைச் சொடுக்கினார்.

ஜான்ரோஸ் ஓடினான். என்ன ஓட்டம் அது! சாக்கு இரண்டு பக்கமும் பறக்க, முட்டி நெஞ்சில் இடிக்க வந்தான். பின்னால் அந்த வெளுத்த சாமானம் சத்தமே இல்லாமல் நெருங்கியது. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அது தரையை விட்டு எழும்பியது. எழும்பியதும், நின்றதும், உருண்டையை அமுக்கியதும் ஒன்றாக நடந்தன. அடுத்த நொடியில் ஆளும் நாயும் புழுதியில் உருண்டார்கள். துரை சீட்டியடித்தார், டியூக் வாயில் சாக்கைக் கவ்வியபடி விலகிப் போனது. ஜான்ரோஸ் எழுந்து உட்கார்ந்து கையையும் காலையும் தடவிப் பார்த்துக்கொண்டான். ஒரு கீறல் இல்லை!

“கர்த்தாவே, ஸ்தோத்திரம்,” என்று சொல்லிக்கொண்டே முத்துநாயகம் பிளேட்டோடு கூடாரத்துக்குள் நுழைந்தான். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் மருந்துத் தட்டை ஆட்டினான். படம் மெள்ள எழும்பி வந்தது. ஜான்ரோஸ் வந்தான், தெளிவாக வந்தான். நாயின் உடம்பும் காலும் தெளிவாக வந்தன. நான்கு காலும் அந்தரத்தில். ஆனால் நாயின் முகத்தை, கண்ணிலிருந்து வாய் வரைக்கும், பறந்த சாக்கு நுனி மறைத்திருந்தது.

வெளியே கொண்டுவந்தான். துரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும், அதை வாசிக்க அந்த மலையில் முத்துநாயகம் ஒருத்தனுக்குத்தான் தெரியும். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாய் அந்தரத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது போலிருக்கிறது, முகம் மலர்ந்தார். திரும்பிக் குமாரதாசிடம் கேட்டார்.

“நல்லா விழுந்திருக்கான்னு கேக்காரு. விழுந்திருக்குன்னா இவனை இப்பமே கூட்டிட்டுப் போலாமாம்.”

விழுந்திருக்கு தொரை. ஒரே ஒரு வார்த்தை. காகிதத்தில் அச்சடித்து அனுப்பப் பத்து நாள் ஆகும். அதற்குள் ஜான்ரோஸ் அக்காள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பான். துரைக்குக் கோபம் வந்தால் என்ன, கடையை உடைப்பாரா, உடைக்கட்டுமே! இவ்வளவும் முத்துநாயகத்துக்குத் தோன்றாமல் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவன் கண்ணுக்குள் அந்த இமைப்பொழுது இருந்தது. சாக்கு மட்டும் இல்லாதிருந்தால்! அந்தக் கண், அந்தப் பல், அந்த நீண்ட உடம்பு, இந்தத் திருவிதாங்கூரிலேயே எவனும் பிடிக்காத படம். இன்னும் ஐந்து பிளேட்டு இருக்கிறது. ஜான்ரோசுக்குத்தான் ஒரு கீறல்கூட இல்லையே. துரையை ஏமாற்றினால் பிறகு வினையாகும் என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டான். மனுஷனுக்கு நியாயமா கிடைக்காது?

“படம் விழுந்திருக்கு,” என்றான். “ஆனா சாக்கு பட்டிக்க முகத்தை மறைச்சிட்டு. இன்னும் ஒரு தடவை ஓடினான்னா ஒண்ணாந்தரமா கிட்டும்.”

ஜான்ரோஸ் அவனைப் பார்த்தான். குமாரதாஸ்கூட ஒரு கணம் தயங்கினான். “வே, நீரு யோசிச்சுத்தான் பறையிதீரா?” என்று மெதுவாகக் கேட்டான். பிறகு துரையிடம் சொன்னான்.

துரை ரொம்பச் சாதாரணமாகப் பதில் சொன்னார். சாக்கு மறைக்கிறது என்றால் சாக்கை எடுத்துவிடுங்கள்.

“இல்ல தொரை, சாக்கைச் சுருக்கி இறுக்கிக் கட்டினாப் போதும். நுனியை உள்ள மடக்கி...” முத்துநாயகம் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். குமாரதாஸ் அதை மொழிபெயர்க்கவே இல்லை. துரை கையிலிருந்த முதல் பிளேட்டைப் பாறையில் போட்டு உடைத்துவிட்டு நாயின் பக்கம் போய்விட்டார். இரண்டு ஆட்கள் கயிற்றை அவிழ்த்தார்கள்.

“அத்தான்,” என்றான் ஜான்ரோஸ், வெறும் முதுகோடு. “இந்தத் தடவை பிடிச்சிருங்க. கேட்டியளா?”

“பிடிச்சிருவேன் மக்கா. சத்தியமா பிடிச்சிருவேன். கோட்டுல வந்ததும் விழுந்துரு.”

ஓடினான். இந்தத் தடவை சிரிப்பும் கேலியும் இல்லை, உயிருக்காக ஓடினான். டியூக் முதல் ஓட்டத்தில் வாயில் வெறும் சாக்கு அகப்பட்ட எரிச்சலில் இருந்தது. முன்னைவிட விரசாக வந்தது. கோட்டுக்கு ஐந்தடி இருக்கும்போதே முத்துநாயகத்துக்குத் தெரிந்துவிட்டது, இப்போதே ‘விழு’ என்று கத்தினால் ஜான்ரோஸ் விழுவான், நாய் அவனுக்கு மேலே தாண்டிப் போகும். கத்தினால் படம் இல்லை. படம் இல்லை என்றால் மூன்றாம் ஓட்டம். மூன்றாம் ஓட்டம் வேண்டாம் என்றால் இப்போது கத்தக்கூடாது. வாயை இறுக்கி மூடிக்கொண்டான். நாய் எழும்பியது. ஜான்ரோஸ் கோட்டை மிதித்தான், முகம் பெட்டிக்கு நேராகத் திரும்பி, கண் அத்தானைப் பார்த்தபடி. பல்லுக்கும் பிடரிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. எல்லாம் நின்றது. முத்துநாயகம் அமுக்கினான்.

அதன் பிறகு துரையின் சீட்டியும் ஆட்களின் கூச்சலும் கேட்டன. முத்துநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. பிளேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடினான். படம் விழவில்லை என்றால் மறுபடி ஓடவிடுவார்களே, அதற்காகத்தான் ஓடினான் என்று பிற்பாடு நூறு முறை சொல்லிக்கொண்டான். அது பொய்யும் இல்லை. ஆனால் மருந்துக்குள் அந்தக் கண் எழும்பியதும், பல் எழும்பியதும், விலா எலும்பு ஒவ்வொன்றாக எழும்பியதும், அவன் தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. “விழுந்துட்டு! விழுந்துட்டுலே! ஒண்ணாந்தரம்!” என்று கூடாரம் அதிரக் கத்தினான். வெளியே எல்லோருக்கும் கேட்டது. கீழே கிடந்தவனுக்கும் கேட்டது.

துரை சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அங்கேயே காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

வண்டியில் ஜான்ரோஸ் குப்புறக் கிடந்தான். பிடரியிலும் தோளிலும் சதை பிய்ந்து தொங்கியதைத் தோட்டத்து ஆட்கள் கிழித்த வேட்டியால் கட்டியிருந்தார்கள். திற்பரப்பு இறக்கத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தான். குலசேகரம் தாண்டியபிறகு ஒருதடவை பேசினான்.

“மொதல் படத்துல எனக்க முகம் நல்லாத்தான் விழுந்திருந்து. இல்லையா அத்தான்?”

முத்துநாயகம் கயிற்றைச் சுண்டினான். மாட்டை அதட்டினான்.

மிஷன் ஆசுபத்திரியில் காயத்தைக் கழுவித் தைத்தார்கள். நேசம்மாள் தம்பியின் பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊட்டினாள். “வந்துட்டேல்லா, அது போதும்டே,” என்று அவன் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரம் தேறுவதுபோல இருந்தது. எட்டாம் நாள் புண் வழியாக இசிவு கண்டு தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்து விறைத்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் ஜான்ரோஸ் போய்ச் சேர்ந்தான். என்ன நடந்தது என்று நேசம்மாள் புருஷனிடம் கேட்டபோது, நாய் சாடிவிட்டது என்று மட்டும் சொன்னான். இரண்டு ஓட்டம் என்று சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து பதினைந்து நாள் கழித்துக் குமாரதாஸ் வந்தான். முத்துநாயகம் அனுப்பியிருந்த ஒரே பிரதி அவன் கையில் இருந்தது. படத்தில் ஜான்ரோசின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

“தொரைக்கு ரொம்பச் சந்தோசம். இந்த ராஜ்யத்திலேயே இப்படி ஒரு கை இல்லைங்காரு. ஆனா இந்த ஆளு வேண்டாமாம். சீமையில பாத்தா ஒருமாதிரி நினைப்பானுவளாம். பொறவு, இவன் செத்துட்டான்னு அவருக்கும் தெரியும். நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டு வரப்பிடாது பாரும். இந்தக் காகிதத்தையும் கொளுத்திரணுமாம். கண்ணாடியிலேயே ஆளை எடுத்துரணும். பட்டி மட்டும் போதும். உம்மால முடியுமான்னு கேட்டாரு. முடியாதுன்னா கண்ணாடியை அப்படியே வாங்கிட்டு வரச் சொன்னாரு, திருவனந்தபுரத்துல ஒரு ஆளு இருக்கானாம்.”

“திருவனந்தபுரத்துக்காரனா?” முத்துநாயகத்துக்குச் சுருக்கென்றது. “அவன் தொட்டான்னா பட்டிக்க மீசையும் சேந்து போவும். நானே எடுத்துத் தாறேன்.”

கண்ணாடிப் பிளேட்டைச் சன்னலோரம் சாய்த்து வைத்து, மெல்லிய கத்தியால் சுரண்டத் தொடங்கினான். மருந்துப் படலத்தைச் சுரண்டினால் அந்த இடம் அச்சில் கறுப்பாக விழும், பின்னால் ரப்பர் மரத்து இருட்டோடு சேர்ந்துவிடும். முதலில் காலைச் சுரண்டினான். பிறகு கை, நெஞ்சு. முகத்துக்கு வந்தபோது கத்தி கொஞ்சம் நின்றது. அந்தக் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணை முதலில் எடுத்தான். அதற்குமேல் எளிதாக இருந்தது. பிடரிக்கும் பல்லுக்கும் நடுவில்தான் கஷ்டம், நாலு விரல் என்று நினைத்தது பிளேட்டில் நெல்மணி அகலம்கூட இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்து, நாயின் மீசைமயிர் ஒன்றுகூடக் கலையாமல் எடுத்தான். சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழுந்த நிழலைப் பென்சிலால் அடைத்தான். மூன்று நாள் ஆயிற்று. அச்சடித்துப் பார்த்தபோது, இருண்ட மரங்களுக்கு முன்னால் ஒரு வெளுத்த நாய், யாரும் இல்லாத வெளியில், வாயைத் திறந்து சந்தோஷமாகச் சாடிக்கொண்டிருந்தது.

அந்தப் படம் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் நேசம்மாள் கடைக்குள் வந்தாள். தம்பி போனதிலிருந்து அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

“எனக்க தம்பிக்க படம் ஒண்ணும் நம்ம வீட்டுல இல்ல,” என்றாள். “ஊரெல்லாம் படம் பிடிச்சிய, அவனை ஒருநாளும் பிடிக்கல. நானும் சொல்லல. அந்த மலையில பிடிச்சதுல அவன் இருப்பான்லா? பட்டியோட எனக்குப் பாக்க முடியாது. பட்டியை வெட்டிக் களஞ்சிட்டு அவனுக்க முகத்தை மட்டும் தாருங்க. சின்னதா இருந்தாலும் போதும்.”

முத்துநாயகம் எழுந்து நின்றான். அவன் மறைக்கும் முன்பே அவள் கயிற்றில் தொங்கிய படத்தைப் பார்த்துவிட்டாள். கிட்டப் போனாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நாய்க்கு முன்னால், பின்னால், மரங்களுக்கு நடுவில் எல்லாம் தேடினாள். படத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தாள்.

“இதுல ஜான்ரோஸ் எங்க நிண்ணான்?”

அவன் விரல் தானாகவே நீண்டது. நாயின் வாய்க்கு முன்னால் இருந்த இருட்டைத் தொட்டுக் காட்டியது.

“இங்கனயாக்கும் இருந்தான்,” என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. “பாத்தா தெரியாதுல்லா?”

நேசம்மாள் அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“தெரியாது,” என்றாள். “சுத்தமா எடுத்திருக்கிய.”